வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா?

2011-ஆம் ஆண்டு ஆனி மாதம். பெங்களூருவில் கல்லீரல் மருத்துவர் ஒருவரின் அறையில் என் மைத்துனரோடு உட்கார்ந்திருந்தேன். அவர் தமிழ்நாட்டு எல்லையோர ஜவளகிரிக்காரர். ஓசூர் சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை, ஊரில் ஒன்றரை ஏக்கர் கேழ்வரகு. ஹெபடைடிஸ் சி என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. வாரம் ஒரு ஊசி, மொத்தம் 24 வாரம், கூடவே தினமும் ரிபாவிரின் மாத்திரை. ஊசியில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டும் இன்டர்ஃபெரான்தான், பலனும் தொந்தரவும் ஏறக்குறைய ஒன்றே என்றார் மருத்துவர். பிறகு பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்: "வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா?"

இல்லை. அந்த ஆண்டுதான் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. ஃபிரிட்ஜ் அந்தப் பட்டியலில் கிடையாது. இருந்திருந்தாலும் அப்போதைய மின்வெட்டுக்கு அது துணி வைக்கிற அலமாரியாகத்தான் நின்றிருக்கும். "அப்படியென்றால் பவுடர் ஊசியே போட்டுக்கொள்ளலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எல்லாம் ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் 3,070 அமெரிக்க நோயாளிகளும் இரண்டு பெரிய மருந்து நிறுவனங்களின் பல ஆண்டுச் சண்டையும் இருந்தன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தனைக்கும் பிறகு முடிவைச் சொன்னது ஒரு ஃபிரிட்ஜ். அன்று சிரிப்பு வந்தது. இன்று யோசித்தால், அந்த மருத்துவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று படுகிறது. ஆராய்ச்சித் தாள்களில் அந்தக் கேள்வி இல்லாமல் போனதுதான் குறை.

இன்டர்ஃபெரான் நம் உடம்பே சுரக்கும் புரதம். 1957-இல் லண்டன் மில் ஹில்லில் அலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மானும் அதைக் கண்டறிந்தார்கள். கிருமி புகுந்த செல், பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கும் எச்சரிக்கை அது. மரபணுத் தொழில்நுட்பம் வந்த பிறகு அதை ஆலையில் செய்ய முடிந்தது. ஆல்ஃபா-2ஏ ரோஷ் நிறுவனத்துடையது, ஆல்ஃபா-2பி ஷெரிங்-பிளவ் நிறுவனத்துடையது. 1986 ஜூனில் இரண்டுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? 165 மணி கோத்த மாலையில் 23-ஆவது மணி மட்டும் வேறு. ஒன்றில் லைசின், மற்றதில் ஆர்ஜினின். அவ்வளவுதான்.

உண்மையான வேறுபாடு பிறகு வந்தது. வெறும் இன்டர்ஃபெரான் உடம்பில் நிற்காது. வாரத்துக்கு மூன்று முறை குத்திக்கொள்ள வேண்டும். ஊறுகாய் மேல் நிற்கும் எண்ணெய் அதைக் கெடாமல் காப்பதுபோல, பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமரைப் புரதத்தின் மேல் ஒட்டினார்கள். 'பெக்' இன்டர்ஃபெரான் என்ற பெயரில் உள்ள பெக் இதுதான். ஷெரிங்-பிளவ் சிறிய, நேரான இழையை ஒட்டியது. ரோஷ் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கனமான, கிளை விட்ட இழையை ஒட்டியது. முதலாவது ஊசியில் பாதி மருந்து உடம்பைவிட்டு நீங்க சுமார் 40 மணி நேரம் ஆகும். இரண்டாவதில் சுமார் 80 மணி நேரம். ஒன்று வாரக் கடைசியில் ரத்தத்தில் மெலிந்துவிடும், மற்றது அடுத்த ஊசிவரை இழுத்துப் பிடிக்கும். 2பி ஊசியை உடல் எடை பார்த்து அளந்தார்கள், கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம். 2ஏ ஊசியோ எல்லாருக்கும் 180 மைக்ரோகிராம், 45 கிலோ ஆளானாலும் 90 கிலோ ஆளானாலும். பிறகு எங்கள் கதைக்கு வேண்டிய வேறுபாடு: 2பி உலர்ந்த பவுடராக வந்தது, 25 டிகிரி வரை வெளியே வைக்கலாம், போடும் நேரத்தில் நீர் விட்டுக் கரைத்தால் போதும். 2ஏ கரைசலாகவே வந்தது, 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில்தான் இருக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது.

இந்த இரண்டில் எது மேல்? வேறெந்த இரட்டை மருந்துக்கும் இத்தனை பிடிவாதமாக யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஷெரிங்-பிளவ் பணம் போட்டு அமெரிக்காவில் 118 இடங்களில் நடத்திய 'ஐடியல்' ஆய்வு 2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. ஹெபடைடிஸ் சி முதல் மரபுவகை உள்ள 3,070 பேர், 48 வாரச் சிகிச்சை. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆன பிறகும் கிருமி இல்லாதவர்கள் 2பி ஊசியில் 39.8 சதவீதம், 2ஏ ஊசியில் 40.9 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் இந்தச் சமம் வந்த வழியைப் பாருங்கள். சிகிச்சை முடிந்த அன்று 2ஏ போட்டவர்களில் 64.4 சதவீதம் பேரிடம் கிருமி இல்லை, 2பி போட்டவர்களில் 53.2 சதவீதம்தான். பிறகு 2ஏ பக்கம் நோய் திரும்பியவர்கள் அதிகம், 31.5 சதவீதம், 2பி பக்கம் 23.5. ஒன்று வேகமாக ஏறி வழுக்கியது, மற்றது மெல்ல ஏறி நின்றது, முடிவில் இரண்டும் ஒரே படியில். போதாததற்கு இரு பக்கத்துக்கும் ரிபாவிரின் அளவும் அதைக் குறைக்கும் விதியும் வேறு வேறு. அப்படியிருக்க ஒப்பிட்டது ஊசியையா மாத்திரையையா என்று அப்போதே கேட்டார்கள்.

அடுத்த ஆண்டே இத்தாலியிலிருந்து இரண்டு ஆய்வுகள் வேறு கதை சொன்னன. நேப்பிள்ஸில் 320 பேரிடம் 2ஏ 68.8 சதவீதம், 2பி 54.4. மிலானில் 66-க்கு 54. அதே 2010-இல் 12 ஆய்வுகளையும் ஐயாயிரம் நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2ஏ கொஞ்சம் மேல், 47-க்கு 41 என்றது. பக்கவிளைவில் எது மேல் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்றும் அதே ஆய்வு கைவிரித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டையும் ஒரே வரியில் சேர்த்தது, '2ஏ அல்லது 2பி' என்று. 'அல்லது' என்ற சொல்லுக்குள் இத்தனை கோடி டாலர் அடங்கியிருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஐடியல் ஆய்வில் கலந்துகொண்டவர்களின் மரபணுவை எடுத்துப் பார்த்த டியூக் பல்கலைக்கழகக் குழு, ஐஎல்28பி என்ற மரபணுவுக்கு அருகே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடித்து 2009-இலேயே நேச்சர் இதழில் எழுதியது. அந்த எழுத்து சாதகமாக இருந்தவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மருந்துக்கும் மருந்துக்கும் இடையே வேறுபாடு தேடப் போனவர்கள், மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான வேறுபாட்டோடு திரும்பினார்கள். ஒரு சதவீதம் எங்கே, இரண்டு மடங்கு எங்கே!

அந்த வேறுபாடு ரத்தத்தில் மட்டும் இல்லை. ஐடியலில் இருந்தவர்கள் எல்லாரும் அமெரிக்காவில் வாழ்ந்த, முதல் மரபுவகைக் கிருமி உள்ளவர்கள். இந்தியாவில் அதிகம் காணப்படுவது மூன்றாம் வகை; என் மைத்துனருக்கும் அதுதான், அதனால்தான் 48 வாரத்துக்குப் பதில் 24. அவர் எடை 46 கிலோ. எடைக் கணக்கில் அவருக்கு வந்தது 69 மைக்ரோகிராம், 80 அளவுள்ள குப்பியில் இருந்து. பன்னர்கட்டா காட்டை ஒட்டிய ஒரு ஊரில், கேழ்வரகு மேட்டுக்கும் சிப்காட் ஷிஃப்டுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு உடம்பு அது. மருத்துவ நூல் 'சகிப்புத்தன்மை' என்று ஒரு சொல்லை வைத்திருக்கிறது. மருந்தை உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்பதற்கு. தாங்குவது உடம்பு மட்டும்தானா?

ஊசி போட்ட நாலைந்து மணி நேரத்தில் குளிர் நடுக்கும், பிறகு காய்ச்சல், தலைவலி, அடித்துப்போட்டதுபோல உடம்பு வலி. எல்லா நாட்டு நோயாளிகளுக்கும் தெரிந்த சங்கதி. வீட்டில் அதற்கு 'ஊசி ஜொரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஊசிக்கு முன்னால் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, மறுநாள் விடுமுறையாகப் பார்த்துக் குத்திக்கொள்ளுங்கள் என்பது மருத்துவர்கள் சொல்லும் யோசனை. மேல்நாட்டில் வெள்ளி இரவு. வாரத்துக்கு ஆறு நாள் வேலை பார்க்கும் ஓசூருக்கு அது சனி இரவு. ஞாயிறு முழுக்கப் போர்வைக்குள், திங்கள் விடியலில் தளியில் கம்பெனி பஸ். இந்தக் கணக்கு முதல் மூன்று மாதம் ஓடியது.

ஐப்பசியில் குலைந்தது. ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர், நவம்பரில் பன்னர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி காட்டு வழியாகத்தான் தமிழ்நாட்டுக்குள் இறங்கும். கேழ்வரகு கதிர் முற்றும் நேரமும் அதுதான். பரணில் ஏறி இரவு முழுக்கக் காவல் இருந்தால்தான் கதிர் வீட்டுக்கு வரும். சனி இரவில் நடுங்கிக்கொண்டிருப்பவரைப் பரணில் ஏற்ற முடியுமா? ஒரு சனிக்கிழமை அவர் படுத்திருந்தபோது கால் ஏக்கர் போயிற்று. "யானை எந்தக் கிழமை வரும்னு மருந்துக் கம்பெனிக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அடுத்த வாரம் ஊசியைப் புதன்கிழமைக்கு மாற்றலாமா என்று அவரே யோசித்தார்; மாற்றினால் வியாழக்கிழமைச் சம்பளம் போகும். காண்ட்ராக்ட் ஆளுக்கு நோய் விடுப்பு ஏது?

தொந்தரவுகளில் காய்ச்சல் சின்னது. ரிபாவிரினால் ரத்தம் குறைந்து படியேறும்போது மூச்சு வாங்கியது. முடி கொட்டியது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தவை. அவர் பேச்சு குறைந்ததையும், குழந்தைகள் மேல் எரிந்து விழுந்ததையும், ராத்திரி தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததையும் யாரும் ஊசியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. கடன் கவலை என்றுதான் நினைத்தோம். மனச்சோர்வு இந்த மருந்தின் மிக முக்கியமான ஆபத்து, அமெரிக்காவில் இரண்டு ஊசிகளின் விவரத் தாளிலும் கட்டம் கட்டி எச்சரிக்கை இருந்தது. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் வீட்டில் அதை யார் படிப்பது? இரண்டில் எந்த ஊசி மனத்தை அதிகம் வாட்டும் என்று பெரிய ஆய்வுகள் தெளிவாகச் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பது பக்கவிளைவு என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தால், எந்த ஊசியாக இருந்தாலும் பாதிச் சுமை இறங்கியிருக்கும்.

விலையைப் பற்றி இதுவரை நான் பேசவில்லை. ஆய்வுகளும் பேசவில்லை. விலையும் ஒரு பக்கவிளைவுதான் என்பது சென்னையில் ஒரு தீர்ப்பாயத்தின் முன்னால் வந்த கதை.

ரோஷ் தன் 2ஏ ஊசிக்கு 2006-இல் இந்தியாவில் காப்புரிமை பெற்றது. 2005-இல் சட்டம் மாறிய பிறகு மருந்துக்குக் கிடைத்த முதல் காப்புரிமைகளில் ஒன்று. ஆறு மாதச் சிகிச்சைக்கு 4,36,000 ரூபாய் வரை ஆகும் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. மும்பையில் போதைக்கு அடிமையானவர்களிடையே வேலை செய்யும் சங்கல்ப் மறுவாழ்வு அறக்கட்டளை எதிர்ப்பு மனு போட்டது. ஊசி வழி போதை எடுப்பவர்களிடம் ஹெபடைடிஸ் சி அதிகம். 2009-இல் காப்புரிமை அலுவலகம் ரோஷ் பக்கம் நின்றது. மேல்முறையீடு சென்னை அண்ணா சாலையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு வந்தது. தலைவர், சென்னை உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். 2012 நவம்பர் 2 அன்று காப்புரிமை ரத்தானது. புரதத்தின் மேல் பாலிமர் ஒட்டுவது துறை அறிந்தவருக்கு எட்டாத யோசனை இல்லை என்றது வாரியம். பழைய பொருளைவிட மருத்துவப் பலன் கூடியிருப்பதையும் நிறுவனம் காட்டவில்லை என்றது. சட்டத்தின் 3(டி) பிரிவு கேட்பது அதைத்தான்.

விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆணையில் உள்ள இன்னொரு முடிவு. சங்கல்ப் மருந்து தயாரிக்கும் நிறுவனமோ போட்டி வியாபாரியோ இல்லை. அது எப்படி வழக்குத் தொடுக்கலாம் என்று கேட்கப்பட்டது. நோயாளிகளின் சார்பில் நிற்பவரும் இதில் அக்கறையுள்ள தரப்பே என்று வாரியம் ஏற்றுக்கொண்டது. மருந்து யாருடையது என்ற வழக்கில் நோயாளிக்கு நாற்காலி கிடைத்தது. எந்த மருந்து மேல் என்ற ஆய்வில் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. என் வாதம் இவ்வளவுதான்.

அந்த வாரியமே 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஹெபடைடிஸ் சி-க்கு இன்டர்ஃபெரானும் போய்விட்டது. 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2015-இல் இந்திய நிறுவனங்களே அதைத் தயாரித்து விற்றன. 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரை, காய்ச்சல் இல்லை, ஃபிரிட்ஜ் வேண்டாம். 2ஏ-யா 2பி-யா என்று உலகம் பத்தாண்டு அடித்துக்கொண்ட கேள்வியை ஒரு மாத்திரை வந்து குப்பையில் போட்டது. 2பி மட்டும் கோவிட் காலத்தில் ஒருமுறை தலைகாட்டியது. 2021 ஏப்ரல் 23-இல் சைடஸ் நிறுவனத்தின் வீராஃபின் ஊசிக்கு அவசர அனுமதி, ஒரு ஊசி 11,995 ரூபாய்.

அதனால் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இன்டர்ஃபெரானின் தம்பி ஒருவன் இன்னும் வேலையில் இருக்கிறான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு இன்டர்ஃபெரான் பீட்டா. அதிலும் ஒரே பீட்டா-1ஏ இரண்டு விதமாக வருகிறது: வாரம் ஒருமுறை தசையில் 30 மைக்ரோகிராம், அல்லது வாரம் மூன்று முறை தோலுக்கடியில் 44. 2002-இல் வந்த 'எவிடென்ஸ்' ஆய்வில் 677 பேர். 24 வாரம் நோய் மறுபடி தாக்காமல் இருந்தவர்கள், மூன்று முறை போட்டவர்களில் 75 சதவீதம், ஒருமுறை போட்டவர்களில் 63. பணம் போட்டது மூன்று முறை ஊசியின் நிறுவனம் என்பதையும் நினைவில் வையுங்கள். குத்திய இடத்தில் தோல் சிவந்து தடிப்பது, கல்லீரல் நொதி ஏறுவது, மருந்தையே முறிக்கும் எதிர்ப்பொருள் உருவாவது மூன்றும் அந்த ஊசியில்தான் அதிகம். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனைக்குப் போய்வரும் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பெண் ஒருவருக்கு எது மேல்? 12 சதவீதம் பெரிது. வாரம் மூன்று ஊசியைத் தானே குத்திக்கொள்வதும், குளிர் குறையாமல் வைத்திருப்பதும் பெரிதுதான். கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

எல்லையோரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. வைத்தியம் பெங்களூருவில், வாழ்வு தமிழ்நாட்டில். மருத்துவர் எழுதிய குறிப்பு கர்நாடக மருத்துவமனையில் கிடக்கும். காய்ச்சலோ மயக்கமோ வந்தால் ஓடுவது தேன்கனிக்கோட்டைக்கோ ஓசூருக்கோ. அங்கே போடப்படும் ஊசிக்கும் இங்கே வந்த தொந்தரவுக்கும் முடிச்சுப் போட ஆளில்லை. மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2010 முதல் மத்திய அரசின் திட்டம் இருக்கிறது, 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே சொல்லலாம். ஜவளகிரியில் யாராவது அதை அழைத்திருப்பார்களா? எனக்கே அந்த எண் தெரிய வந்தது மைத்துனரின் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு.

இப்போது ஒத்த உயிரிமருந்துகளின் காலம். புற்றுநோய், மூட்டுவாதம், நரம்புநோய் எல்லாவற்றுக்கும் 'அதேபோல' ஊசிகள் வருகின்றன. 2012-இல் வந்து 2016-இல் திருத்தப்பட்ட மத்திய அரசு வழிகாட்டி ஒப்புமைக்கு என்னென்ன சோதனை வேண்டும் என்று சொல்கிறது. விலை குறைகிறது, நல்லது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தைக் குறைந்த விலைக்கு மொத்தமாக வாங்குவதில் நாட்டுக்கே வழிகாட்டி. பாராசிட்டமால் யார் செய்தாலும் பாராசிட்டமால்தான். அங்கே விலை மட்டும் பார்த்தால் போதும். ஊசிப் புரதத்துக்கு அது போதாது. எத்தனை டிகிரியில் எத்தனை நாள் தாங்கும், குப்பியா, தானே குத்திக்கொள்ளும் பேனாவா, எடைக்கு ஏற்றபடி அளவு கிடைக்குமா என்ற கேள்விகளுக்கும் டெண்டரில் மதிப்பெண் இருக்க வேண்டும். பாதிச் சிகிச்சையில் ஒன்றை நிறுத்தி இன்னொன்றைக் கொடுத்தால் அதை நோயாளிக்கு அவர் மொழியில் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை; அந்த மருத்துவர் பேனாவைத் திறந்துகொண்டே கேட்ட கேள்வியைப் படிவத்தில் அச்சடித்தால் போதும்.

மைத்துனர் கார்த்திகையில் கடைசி ஊசி போட்டார். ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை. முடி திரும்ப வந்தது, பேச்சும் வந்தது. மாதம் நான்கு குப்பிகள் பெங்களூருவிலிருந்து வந்த தெர்மாகோல் பெட்டியை அவர் தூக்கிப்போடவில்லை. ஐப்பசி பிறந்ததும் யானைக்கு வெடிக்கும் பட்டாசை ஈரம் படாமல் அதில்தான் வைக்கிறார்.